7 எம்எம் ரெம் மேக், .300 வின் மேக், .300 டபிள்யூஎஸ்எம்: வீட்டில் தோட்டா நிரப்புபவருக்கு எது தோது?

#1 குறிமுள்
நண்பர்களுக்கு வணக்கம். வேட்டை மான் முதல் எல்க் (பெரிய மான் இனம்) வரை, தூரம் அதிகபட்சம் 400 கெஜம். ஸ்கோப்போடு சேர்த்து எட்டரை பவுண்டு துப்பாக்கி. தோட்டாவை நானே நிரப்பப் போகிறேன், கடைத் தோட்டா கணக்கில் இல்லை. 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம், .300 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்) என்ற மூன்று தோட்டா வகைகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கேள்வி மூன்று. விலங்கின் மேல் படும்போது இவற்றுக்குள் நிஜமாக வித்தியாசம் உண்டா? அடியில் பெல்ட் (தடித்த பட்டை) வைத்த பித்தளைக் கூடுகள் நிரப்புபவனின் உயிரை எடுக்கும் என்கிறார்களே, உண்மையா? புதிதாக வந்த 7 எம்எம் பிஆர்சி இதையெல்லாம் செல்லாக்காசு ஆக்கிவிட்டதா?

#2 தராசுமுள்
முதல் கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். 24 அங்குலக் குழல், வழக்கமான முழு லோடு (நிரப்பும் மருந்தளவு) என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7 ரெம் மேக், 160 கிரெய்ன் (எடை அலகு) குண்டு: சுமார் 2950 அடி/வி, வாய்முனையில் 3090 அடி-பவுண்டு.
.300 வின் மேக், 180 கிரெய்ன்: சுமார் 2960 அடி/வி, 3500 அடி-பவுண்டு.
.300 டபிள்யூஎஸ்எம், 180 கிரெய்ன்: வின் மேக்கோடு தோளோடு தோள். பத்து இருபது அடி முன்பின் இருக்கும், அதைக் குழலுக்குக் குழல் வரும் மாறுபாடே விழுங்கிவிடும்.

200 கெஜத்தில் பூஜ்யம் வைத்தால் (குண்டு அங்கே குறியில் விழும்படி ஸ்கோப்பை அமைத்தால்) 300 கெஜத்தில் மூன்றுமே ஆறேழு அங்குலம் இறங்கும். 400 கெஜத்தில் மூன்றுமே இன்னும் 2100 அடிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் விரிய அது தாராளம். மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில் 400 கெஜத்தில் இவற்றுக்குள் வரும் வேறுபாடு ஓர் அங்குலம் அளவுதான். விலங்கின் நெஞ்சுக்கூட்டுக்கு முன்னால் ஓர் அங்குலம் ஒரு கணக்கே இல்லை.

வித்தியாசம் தெரிவது தோளில். உங்கள் எட்டரை பவுண்டில் கணக்குப் போட்டால் 7 ரெம் மேக்கின் உதை 22 அடி-பவுண்டு சுற்று, .300 வின் மேக்கின் உதை 29 சுற்று. கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு கூடுதல். 3500 என்ற எண்ணைப் பார்த்து வாங்குபவர் இந்த 29-ஐயும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

#3 நீள்நோக்கு
தராசுமுள் சொன்னதோடு ஒன்று. 160-ஐயும் 180-ஐயும் ஒப்பிடுவதே பாதி ஒப்பீடுதான். குண்டின் குறுக்கடர்த்தியை (பவுண்டு எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தது) பாருங்கள்: 7 எம்எம்மில் 160 கிரெய்னுக்கு 0.283, .30-ல் 180 கிரெய்னுக்கு 0.271. 7 எம்எம் 175 கிரெய்னுக்கு 0.310. அதை .30-ல் எட்ட 205 கிரெய்ன் பக்கம் போக வேண்டும். அப்போது வேகம் குறையும், உதை இன்னும் ஏறும். அதனால்தான் 7 எம்எம்காரர்கள் "குறைந்த உதையில் அதே வேலை" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. சும்மா பெருமை இல்லை.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ரெம் மேக் 1962-ல் வந்தது. அந்தக் காலத்துக் குண்டுக்கு வைத்த புரிமுறுக்கு (குண்டைச் சுழற்றும் குழல் வரிகளின் முறுக்கு) ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்று. 160, 162 வரை கவலையில்லை. 175-ல் சாதாரண வடிவக் குண்டு நிற்கும். ஆனால் 180 கிரெய்ன் நீள மூக்குக் குண்டை அந்தக் குழலில் போட்டால் குளிரிலும் கடல்மட்ட உயரத்திலும் தள்ளாட ஆரம்பிக்கும். அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாக விழுந்தால் அதுதான் அறிகுறி. வெடிமருந்தை மாற்றிப் பயன் இல்லை, குட்டையான குண்டுக்கு மாறுங்கள், அல்லது 8, 9 முறுக்குக் குழல்.

7 பிஆர்சி 2022-ல் வந்தது இந்த இடத்தில்தான். 8 முறுக்கு, பெல்ட் கிடையாது, கூடு 2.280 அங்குலம், முழுத்தோட்டா 3.340. கூடு குட்டையாக இருப்பதால் நீளக்குண்டு கூட்டுக்குள் புதையாமல் வெளியே நிற்கும். கொள்ளளவு ரெம் மேக்கை ஒட்டியே வரும். 8 முறுக்குக் குழல் போட்டு, மேகஸின் இடம் கொடுத்து, குண்டை வெளியே தள்ளி உட்கார்த்திய ரெம் மேக்குக்கும் அதற்கும் சுட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. செல்லாக்காசு ஆகவில்லை. தொழிற்சாலையே சரியாகச் செய்து கொடுத்திருக்கிறது, அவ்வளவே.

#4 பித்தளைக்கூடு
ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன். பெல்ட் உயிரை எடுக்காது. பெல்ட்டை நம்பினாத்தான் எடுக்கும்.

முதல்ல அது எதுக்கு வந்ததுன்னு புரிஞ்சுக்கணும். 1912-ல .375 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) தோட்டா, 1925-ல .300 ஹெச் அண்ட் ஹெச். ரெண்டும் நீளமா சரிவான கூடு, தோள்னு (கூடு கழுத்துக்குச் சுருங்குற இடம்) சொல்லிக்கவே ஒண்ணும் பெரிசா கிடையாது. சேம்பர்ல (குழலோட பின்முனையில தோட்டா உட்காருற அறை) தோட்டா எங்க போய் முட்டி நிக்கும்? அதுக்காக அடியில ஒரு பட்டை. கூட்டுக்குப் பலம் சேர்க்கிறதுக்கு இல்ல. இதை யார் எங்க எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. பிறகு வந்த 7 ரெம் மேக்குக்கும் .300 வின் மேக்குக்கும் 25 டிகிரி தோள் நல்லாவே இருக்கு, பெல்ட் தேவையே இல்ல. தாத்தா வச்ச பேரு மாதிரி கூடவே வந்திருச்சு.

பிரச்சினை எங்க வருதுன்னா, தோட்டா பெல்ட்டுல முட்டி நிக்கிறதால, தோள் எங்க இருக்கணும்னு தயாரிப்பாளர் ரொம்ப அலட்டிக்க மாட்டார். புதுக்கூட்டோட தோளுக்கும் சேம்பர் தோளுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருக்கும். முதல் வெடியில கூடு முன்னாடி நீளும். நீளுறதுக்குப் பித்தளை எங்கேர்ந்து வருது? பெல்ட்டுக்கு நேர் மேல உள்ள சுவர்லேர்ந்து. அங்க மெலியும். இது ஒரு தடவைன்னா தாங்கும்.

இப்ப நீங்க டை (வெடிச்ச கூட்டைத் திரும்ப அளவுக்கு நசுக்குற அச்சு) பெட்டியில வந்த தாள்ல எழுதியிருக்கிற மாதிரி, ஷெல் ஹோல்டர் (கூட்டோட அடியைப் பிடிக்கிற துண்டு) தொடற வரைக்கும் டையை இறக்கி, அதுக்கு மேல கால் சுற்று திருகி முழு சைசிங் பண்றீங்கன்னு வைங்க. தோள் 0.010 அங்குலம், சில டையில அதுக்கு மேலயும், திரும்பப் பின்னாடி போயிடும். அடுத்த வெடியில திரும்ப நீளும். மூணாவது நாலாவது நிரப்பல்ல கூடு அந்த இடத்துல ரெண்டாப் பிளக்கும். கூட்டோட முன்பாதி சேம்பருக்குள்ளயே மாட்டிக்கும், வாயு பின்னாடி வரும். "பெல்ட்டுத் தோட்டா கூடு நாலு தடவைக்கு மேல வராது"ன்னு புலம்பறவங்க எல்லாம் பண்ற தப்பு இதுதான்.

செய்ய வேண்டியது: உங்க சேம்பர்ல வெடிச்ச கூட்டை அளங்க. தோளை அதுலேர்ந்து 0.002 அங்குலம் மட்டும் பின்னாடி தள்ளுங்க. பெல்ட்டை மறந்துட்டு இது ஒரு சாதாரண தோள் வச்ச கூடுன்னு நினைச்சுக்கங்க. எட்டு தடவை, பத்து தடவை ஓடும்.

#5 குறிமுள்
நன்றி பித்தளைக்கூடு அண்ணே. தோளை அளக்கிற கம்பரேட்டர் இன்னும் வாங்கவில்லை. அது இல்லாமல் 0.002 கண்டுபிடிக்க வழி உண்டா?

#6 பித்தளைக்கூடு
உண்டு. துப்பாக்கியோட போல்ட்டே நல்ல அளவுகோல்தான். போல்ட்டைக் கழட்டி ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் (கூட்டை வெளிய தள்ளுற முனை) எடுத்துருங்க. ரெண்டும் உள்ள இருந்தா ஸ்பிரிங் விசை கைக்குத் தெரியுற உணர்வைக் கெடுத்துடும். வெறும் சேம்பர்ல போல்ட் கைப்பிடி தன்னால கீழ விழணும்.

பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கிண்ணம்) வெளியே தள்ளின, ரெண்டு மூணு தடவை வெடிச்ச கூடு ஒண்ணு எடுங்க. ஒரே தடவை வெடிச்சது வேண்டாம், அது இன்னும் சேம்பர் அளவுக்கு முழுசா நீண்டிருக்காது. சைஸ் பண்ணாம உள்ள விட்டா கைப்பிடி பாதியில பிடிக்கும். இப்ப டையை ஷெல் ஹோல்டருக்கு மேல ஒரு சுற்று தூக்கி வச்சு சைஸ் பண்ணுங்க. உடம்பு நசுங்கறப்போ தோள் முதல்ல முன்னாடி நகரும், அதனால இன்னும் இறுக்கமா பிடிக்கும், பயப்படாதீங்க. பிறகு சுற்றுல பதினாறுல ஒரு பங்கு இறக்குங்க, திரும்ப சைஸ் பண்ணுங்க, திரும்பப் போட்டுப் பாருங்க. கைப்பிடி லேசா உரசிக்கிட்டே தன்னால இறங்குற இடம் வரும். லாக் ரிங்கை அங்க இறுக்கிடுங்க. வேட்டைக்குப் போற தோட்டான்னா டையை இன்னும் ஒரு முடியளவு இறக்குங்க. சேறும் பனியும் இருக்கிற இடத்துல போல்ட் சிக்கக்கூடாது.

ஒவ்வொரு தடவையும் எண்ணெய் மறக்காதீங்க. அதே நேரம் தோள்ல எண்ணெய் தேங்கினா பள்ளம் விழும்.

#7 வெளிச்சவட்டம்
கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். தோளைச் சரியாக வைத்தும் நாலைந்து நிரப்பலுக்குப் பிறகு போல்ட் இறுகுகிறது என்கிறார்கள். அப்படியானால் பெல்ட்டில் பிரச்சினை இருக்கிறதுதானே?

#8 பித்தளைக்கூடு
இருக்கு, ஆனா அது வேற பிரச்சினை. சாதாரண டையோட வாயில பெல்ட்டுக்கு இடம் விட்டிருப்பாங்க. அதனால பெல்ட்டுக்கு நேர் மேல உள்ள ஒரு சின்னப் பட்டையளவு டையில படவே படாது. அங்க ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா வீங்கும். முழு பிரஷர் லோடு, பெருசா வெட்டின சேம்பர், ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் வரும்.

கண்டுபிடிக்க: போல்ட் இறுகுற கூட்டை எடுத்து பெல்ட்டுக்கு மேல மார்க்கர் மையைச் சுத்திப் பூசி சேம்பர்ல விட்டு எடுங்க. மை அங்க உரசியிருந்தா வீக்கம். தோள்ல உரசியிருந்தா டை செட்டிங். கழுத்துவாயில உரசியிருந்தா கூடு நீண்டிருச்சு, ட்ரிம் பண்ணலை (வாயை வெட்டிக் குறைக்கலை). வீக்கத்துக்கு பெல்ட் கூட்டுக்குன்னே காலெட் டை வருது, அது அந்த இடத்தை மட்டும் பிடிச்சு இறுக்கும். டையைத் திருகி அழுத்தி இதைச் சரி பண்ண முயற்சி பண்ணா திரும்ப தோளைத்தான் கெடுப்பீங்க.

ட்ரிம் அளவு: ரெம் மேக் உச்சம் 2.500, வெட்ட வேண்டியது 2.490. வின் மேக் 2.620, 2.610. டபிள்யூஎஸ்எம் 2.100, 2.090. இதை விட்டீங்கன்னா கழுத்துவாய் சேம்பரோட முனையில முட்டி குண்டை இறுகப் பிடிச்சுக்கும், பிரஷர் எகிறும். லோடு சரியா இருந்தும் போல்ட் ஒட்டுதேன்னு குழம்புவீங்க.

#9 மெதுமருந்து
மருந்து பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கிரெய்ன் அளவு நான் எழுத மாட்டேன். இழையில் படித்த அளவை யாரும் தராசில் போடவும் கூடாது. குண்டு, மருந்துத் தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இந்த அளவுக் கூடுகளுக்கு மெதுவாக எரியும் மருந்துதான். 7 ரெம் மேக்கில் 160 முதல் 175 வரை ஹெச்1000, ரெட்டம்போ, ஐஎம்ஆர் 7828, ரீலோடர் 22 என்று குடும்பமே இருக்கிறது. .300 வின் மேக்கில் 180 கிரெய்னுக்கு ஹெச்4831, ரீலோடர் 22, 200 கிரெய்னுக்கு மேல் ஹெச்1000. டபிள்யூஎஸ்எம் கூடு குட்டை, சற்று வேகமான பக்கம் நகரலாம், ஹெச்4350 சுற்றுவட்டாரம் அதில் நன்றாக ஓடும். வெயிலிலும் உறைபனியிலும் ஒரே லோடைச் சுடுபவர் ஹெச் வரிசையின் எக்ஸ்ட்ரீம் மருந்துகளைப் பாருங்கள், வெப்பநிலைக்கு அவை அதிகம் ஆடாது. ரீலோடர் 22 வேகம் கொடுக்கும், ஆனால் குளிரில் வேலை பார்த்து உச்சத்தில் நிறுத்திய லோடு கோடையில் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பிரைமர்: ஃபெடரல் 215, சிசிஐ 250 போன்ற மேக்னம் பெரிய ரைஃபிள் பிரைமர். இவ்வளவு மருந்தை, அதுவும் குளிரில், ஒரே சீராகப் பற்றவைக்க அது வேண்டும். பிரைமரின் முகம் கூட்டின் அடிமட்டத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்கட்டும். பிரைமர் பெயரை மாற்றினாலே லோடு புதிது என்று கருதித் தொடக்க அளவுக்குத் திரும்புங்கள். குண்டை மாற்றினாலும் அப்படியே, கூட்டின் தயாரிப்பாளரை மாற்றினாலும் அப்படியே. ஒரு தயாரிப்பாளரின் கூடு இன்னொருவருடையதைவிட 10 கிரெய்னுக்கு மேல் கனமாக இருப்பது சகஜம். வெளியளவு ஒன்றே என்பதால் அந்தக் கனம் உள்ளே இடத்தைத் தின்கிறது.

ஏறும் விதம்: கையேட்டின் தொடக்க அளவு, அங்கிருந்து அரை கிரெய்னாக. ஒவ்வொரு படிக்கும் மூன்று தோட்டா போதும். குரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) கட்டாயம். உச்சத்துக்கு அருகே 0.3 கிரெய்னாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உதை குறைய வேண்டும் என்று இந்த மெது மருந்துகளைத் தொடக்க அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். பெரிய கூட்டில் கொஞ்சமாகக் கிடக்கும் மெது மருந்து சீராகப் பற்றாமல், தாமதித்து, பிரஷர் திடீரென்று எகிறித் துப்பாக்கி சிதறுவது உண்டு. மென்மையான லோடு வேண்டுமென்றால் குறைந்த அளவுக்கென்றே கையேடு சொல்லும் வேறு மருந்து இருக்கிறது.

#10 வெளிச்சவட்டம்
ஒரு சந்தேகம். சாமி (SAAMI, அமெரிக்கத் துப்பாக்கி-தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு) விதிப்படி 7 ரெம் மேக்கின் உச்ச பிரஷர் 61,000 பிஎஸ்ஐ, .300 வின் மேக்குக்கு 64,000. இரண்டும் ஒரே ஆக்ஷன் (போல்ட் பூட்டும் பகுதி), ஒரே அடிவட்டம். ஐரோப்பாவின் சிஐபி இரண்டுக்கும் 4300 பார் என்று ஒரே அளவு கொடுக்கிறது. அப்படியென்றால் ரெம் மேக்கை 64,000 வரை ஏற்றினால் என்ன?

#11 மெதுமருந்து
வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறதா? இல்லையென்றால் 61,000-ஐயும் 64,000-ஐயும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பீர்கள்? போல்ட் கனக்கும் நேரத்தில், பித்தளையில் எஜெக்டர் தடம் பளபளவென்று விழும் நேரத்தில், இரண்டையுமே தாண்டிப் போயிருப்பீர்கள். பிரைமர் தட்டையாவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மெல்லிய கிண்ணமுள்ள பிரைமர் சாதாரண லோடிலேயே தட்டையாகும்.

சாமியும் சிஐபியும் அளக்கும் விதமே வேறு. சிஐபியில் கூட்டைத் துளைத்து அளப்பார்கள், சாமியில் கூட்டின் சுவர் வழியாக. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் மேல் வைத்துக் கழிக்கக் கூடாது. ஆக்ஷன் தாங்குமா என்பதும் இங்கே கேள்வி இல்லை. முதலில் விட்டுக்கொடுப்பது கூட்டின் பிரைமர் பாக்கெட். புதுப் பிரைமர் கட்டை விரலால் அழுத்தினாலே உட்காருகிறது என்றால் அந்தக் கூடு குப்பைக்கு.

வீட்டில் பிரஷர் பார்க்க நமக்கு இருக்கும் நேர்மையான கருவி குரோனோகிராஃப் மட்டுமே. அதே நீளக் குழல், அதே குண்டு, அதே மருந்து, கையேடு 2950 என்கிறது, உங்களுக்கு 3040 காட்டுகிறது என்றால் உங்கள் குழல் அதிர்ஷ்டக் குழல் இல்லை. பிரஷர் கூடியிருக்கிறது. தராசில் இருக்கும் அளவு கையேட்டு உச்சத்துக்குக் கீழே இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

#12 தராசுமுள்
மெதுமருந்து சொன்னதை வழிமொழிகிறேன். 50 அடி/வி கூடினால் 400 கெஜத்தில் கிடைப்பது ஓர் அங்குலம் சொச்சம். அதற்காகக் கூட்டைக் கொல்வது கணக்கில் நஷ்டம்.

குழல் ஆயுளையும் இங்கேயே போட்டுவிடுகிறேன். கூட்டின் நீர்க்கொள்ளளவைக் குழல் துளையின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ரெம் மேக் சுமார் 83 கிரெய்ன், பரப்பு 0.0633 சதுர அங்குலம், ஈவு 1310 சொச்சம். வின் மேக் சுமார் 92, பரப்பு 0.0745, ஈவு 1235. டபிள்யூஎஸ்எம் சுமார் 80, ஈவு 1070 சொச்சம். .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக் 110 பிடிக்கும், 1475 பக்கம். ஈவு ஏற ஏறக் குழலின் தொண்டை (புரி தொடங்கும் இடம்) சீக்கிரம் அரிக்கும். துல்லியமான ஆயுள் எண் இதிலிருந்து வராது, வரிசை மட்டும் வரும். மூன்று தோட்டா சுட்டுக் குழலை ஆறவிடுபவரின் ரெம் மேக், பத்துத் தோட்டாவை வரிசையாக விளாசுபவரின் வின் மேக்கைவிட நீண்ட நாள் வாழும்.

#13 குறிமுள்
டபிள்யூஎஸ்எம் பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே? கணக்குப்படி அதுதான் சிக்கனமாகத் தெரிகிறது. பெல்ட்டும் இல்லை, ஈவும் குறைவு.

#14 நீள்நோக்கு
நல்ல தோட்டா. 2001-ல் வந்தது, 35 டிகிரி தோள், ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் முட்டி நிற்கும் இடம்) தோளிலேயே. பித்தளைக்கூடு எழுதியதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. வின் மேக்கின் வேகத்தை அதைவிடக் கொஞ்சம் குறைந்த மருந்தில் எட்டுவதால் உதையும் கொஞ்சம் குறையும்.

தொல்லை இரண்டு. முழுத்தோட்டா நீளம் 2.860 அங்குலம், குட்டை ஆக்ஷன் மேகஸின் அதற்கு மேல் விடாது. 165, 180 வரை அழகு. 200 கிரெய்னும் அதற்கு மேற்பட்ட நீளக்குண்டும், ஈயமில்லாத முழுச் செம்புக் குண்டும் கூட்டுக்குள் ஆழமாகப் புதைந்து மருந்தின் இடத்தைப் பிடுங்கும். செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்கு நீளம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். இரண்டாவது, குண்டாகவும் செங்குத்தான தோளோடும் இருக்கும் தோட்டா எல்லா மேகஸினிலிருந்தும் வழுக்கிக்கொண்டு ஏறாது. துப்பாக்கி கைக்கு வந்ததும் குண்டு மட்டும் வைத்த, பிரைமரும் மருந்தும் இல்லாத டம்மி நாலு செய்து, மேகஸினை நிரப்பி, போல்ட்டை மெதுவாகவும் வேகமாகவும் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளும்போதுதான் சிக்கும்.

வின் மேக்குக்கும் ஓர் ஊனம் உண்டு. கழுத்து 0.264 அங்குலம்தான், குண்டின் விட்டம் 0.308. கழுத்து குண்டின் ஒரு விட்டமாவது நீளம் இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கு அது பொருந்தவில்லை. இதைப் பெரிய குறை என்று கத்துபவர்களை நம்ப வேண்டாம், 1963-லிருந்து தூரப்போட்டிகளில் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் 3.340 மேகஸினுக்குள் 200-க்கு மேற்பட்ட குண்டை அடக்கினால் அதன் அடிப்பாகம் கழுத்தைத் தாண்டி உள்ளே தொங்கும். கழுத்துப் பிடி (குண்டைவிடக் கழுத்து எவ்வளவு இறுக்கம் என்பது) 0.002 முதல் 0.003 அங்குலம் இருக்கட்டும். முதல் தோட்டா வெடிக்கும் உதையில் மேகஸினில் காத்திருப்பவை முன்சுவரில் இடித்துக் குண்டு உள்ளே நகர்வதுண்டு. மேகஸினில் மூன்று சுற்று உதை தாங்கிய தோட்டாவை எடுத்து நீளம் அளந்து பாருங்கள். மாறியிருந்தால் பிடி போதாது.

#15 பெருங்குழல்
யாரும் .300 வெதர்பியைச் சொல்லாதது ஏன்? 1944-லிருந்து இருக்கிறது. 26 அங்குலக் குழலில் 180 கிரெய்னை 3240 அடிக்கு விரட்டும். வின் மேக்கெல்லாம் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

#16 தராசுமுள்
நிற்கும், மறுக்கவில்லை. 4200 அடி-பவுண்டு. அதே எட்டரை பவுண்டு துப்பாக்கியில் உதை 35 அடி-பவுண்டுக்கு மேல். குறிமுள் கேட்டது 400 கெஜம். அங்கே இந்தக் கூடுதல் வேகம் சாதிப்பது சில அங்குலம் குறைந்த இறக்கம். அதற்கு விலையாகத் தோள் கண்ணை மூடப் பழகிக்கொண்டால் முதல் 100 கெஜத்திலேயே குறி போய்விடும்.

நிரப்புபவருக்கு இன்னொன்று: வெதர்பி சேம்பரில் புரி தொடங்குவதற்கு முன் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புரியில்லாத வெற்றுத் தொண்டை உண்டு. குண்டைப் புரிக்கு அருகில் கொண்டுபோய் வைக்க நினைத்தால் கழுத்தைவிட்டே வெளியே வந்துவிடும். எட்ட முயலாமல் கையேட்டு நீளத்தில் உட்காரவைத்து மருந்தளவில் விளையாடுங்கள்.

#17 பெருங்குழல்
உதை பயிற்சியில் போகும் என்பது என் கட்சி. தொண்டை விஷயத்தில் மறுப்பில்லை.

#18 மெதுமருந்து
குண்டுத் தேர்வு. மேக்னம் வாங்குபவர் எல்லோரும் 400 கெஜத்தை நினைக்கிறார்கள். விலங்கு 40 கெஜத்தில் எழுந்து நிற்கும். அங்கே குண்டு 2850 அடிக்கு மேல் வேகத்தில் தோளெலும்பில் மோதும். மெல்லிய ஜாக்கெட் (ஈயத்தைச் சுற்றிய செம்புறை) குண்டு மேலோட்டமாகச் சிதறி, உள்ளே போகாமல் நிற்கும். பார்ட்டிஷன் குண்டு 1948-லேயே பிறந்தது இந்தத் தொல்லைக்குத்தான்: நடுவில் ஒரு செம்புச் சுவர், முன்பாதி சிதறினாலும் பின்பாதி ஊடுருவும். எல்க் பட்டியலில் இருந்தால் பார்ட்டிஷன், ஈயமும் ஜாக்கெட்டும் ஒட்டிய பாண்டட், அல்லது முழுச் செம்பு. மான் மட்டும் என்றால் சாதாரணக் குண்டிலேயே கனமானதாக எடுத்தால் போதும்.

முழுச் செம்புக் குண்டைப் புரியிலிருந்து 0.050 அங்குலமாவது தள்ளி உட்காரவைத்துத் தொடங்குங்கள். புரியில் முட்ட வைத்தால் பிரஷரும் ஏறும், பெரும்பாலும் குழுவும் (அட்டையில் துளைகள் விழும் பரப்பு) விரியும். செம்புக்கு மாறும்முன் குழலில் பழைய ஜாக்கெட் படிவத்தைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

#19 நீள்நோக்கு
உட்காரும் ஆழத்தைத் தோட்டாவின் நுனி வரை அளந்து பயனில்லை. ஒரே பெட்டிக் குண்டிலேயே நுனி முன்பின் இருக்கும். வளைவில் படும் கம்பரேட்டர் வைத்து அளவெடுங்கள். மேகஸின் நீளத்துக்கு மட்டும் நுனிவரை அளவு. ரெம் மேக்கின் சாமி நீளம் 3.290, உங்கள் மேகஸின் அதைவிட எவ்வளவு கூடுதலாக விடுகிறது என்று வாங்கும்முன் அளந்தால் நிறையத் தெரிந்துவிடும்.

#20 பித்தளைக்கூடு
ஒரு எச்சரிக்கை, ரெண்டு துப்பாக்கியும் வச்சிருக்கிறவங்களுக்கு. 7 ரெம் மேக் தோட்டா .300 வின் மேக் சேம்பருக்குள்ள போயிடும். பெல்ட்டும் அடியும் ஒண்ணு, தோள் குட்டை, குண்டு மெலிசு. பெல்ட்டுல முட்டி நின்னு வெடிக்கவும் வெடிக்கும். கூடு சேம்பர் வடிவத்துக்கு ஊதிப் பிளந்து வெளிய வரும், குண்டு புரியைப் பிடிக்காம எங்கேயோ போகும். பெஞ்சுல ஒரு நேரத்துல ஒரே ஒரு வகைத் தோட்டா, ஒரே ஒரு மருந்து டப்பா. டப்பாவுல மிச்சத்தைக் கொட்டி மூடின பிறகுதான் அடுத்தது.

#21 குறிமுள்
எல்லோருக்கும் நன்றி. தோள் ரொம்பத் தாங்காது, தூரமும் 400 தாண்டாது என்பதால் 7 ரெம் மேக், 9 முறுக்குக் குழல், 160 பாண்டட் குண்டு என்று முடிவு செய்திருக்கிறேன். கூடாகப் பிறர் வெடித்த பழைய கூடுகள் கிடைக்கின்றன. சிலவற்றில் பெல்ட்டுக்குச் சற்று மேலே சுற்றி ஒரு பளபளப்பான கோடு இருக்கிறது. தூக்கிப்போட வேண்டுமா?

#22 பித்தளைக்கூடு
கோடு ரெண்டு வகை. டை வாய் நிக்கிற இடத்துல விழற தடம் ஒண்ணு. அது ஒரு பக்கம் பளபளன்னு, இன்னொரு பக்கம் மங்கலா, ஒரு படி மாதிரி இருக்கும். பயமில்ல. இன்னொண்ணு மெல்லிசா தனிக்கோடா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலா நடுவுல மட்டும் வெள்ளியா இருக்கும். அதுதான் உள்ள மெலிஞ்சது.

கண்ணை நம்பாதீங்க. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் செங்கோணத்துல மடக்கி, அந்த நுனியைக் கூரா தேய்ச்சுக்கங்க. கூட்டுக்குள்ள விட்டு அடியில முட்டவச்சு, சுவர்ல அழுத்தினபடியே மேல இழுங்க. பெல்ட் தாண்டினதும் நுனி ஒரு பள்ளத்துல விழுந்து ஏறுற மாதிரி தெரிஞ்சா கூடு முடிஞ்சது. சுத்தி நாலு இடத்துல இழுத்துப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் மெலியறதும் உண்டு. சந்தேகம் இருக்கிற ஒண்ணை ரம்பத்தால நீளவாக்குல அறுத்து உள்ள பாத்துக்கங்க, மத்ததுல கை எதைத் தேடணும்னு அப்புறம் தானா தெரியும்.

பிறர் வெடிச்ச கூட்டுல இன்னொரு சங்கடம், அது அவர் சேம்பர் அளவு. உங்க சேம்பர் சின்னதா இருந்தா பெல்ட்டுக்கு மேல உள்ள வீக்கம் உள்ள போகாது. முதல் வேலையா சைஸ் பண்ணி ஒவ்வொண்ணையும் வெறுமையா சேம்பர்ல போட்டு போல்ட்டை மூடிப் பாருங்க. பிரைமர் போடறது அதுக்கப்புறம்.